வீட்டுத் தையலும் வெட்டுக் குறிப்புகளும்

வெட்டுக் குறிப்பு என்பது ஓர் ஆடையின் பாகங்களைத் துணியில் எந்த அளவில், எந்த வடிவில் வெட்ட வேண்டும், வெட்டியவற்றை எந்த வரிசையில் இணைக்க வேண்டும் என்று சொல்வது. சென்னை வீடுகளுக்கு அது இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, தையல் வகுப்பில் கேட்டு எழுதிக்கொண்ட நோட்டு. மற்றொன்று, வேறெங்கோ வரைந்து விற்கப்படும் பேட்டர்ன். முன்பு மடித்த தாளாக வந்தது, இப்போது பெரும்பாலும் அச்சிட்டுக்கொள்ள வேண்டிய கோப்பாக வருகிறது. அடையாறு காந்தி நகரிலோ இந்திரா நகரிலோ ஒரே தையல் மெஷின் மேசையில் இரண்டும் கிடப்பதுண்டு. நோட்டு கணக்கைச் சொல்லும், வரிசையைச் சொல்லாது. அச்சுத் தாள் வரிசையைச் சொல்லும். ஆனால் அது வேறோர் உடலுக்கும் வேறொரு துணிக்கும் எழுதப்பட்டது. வீட்டில் தைப்பவர்களின் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றிலிருந்து பிறப்பது.

தாள் பேட்டர்னின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தையற்காரர் எபனீசர் பட்டரிக் 1863-ல் பல அளவுகளில் வெட்டிய தாள் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். தொடக்க காலத் தாள்களில் எழுத்தே இருக்காது. துளைகளும் வெட்டுகளும்தான் குறிகள். 1950-ல் ஜெர்மனியில் தொடங்கிய புர்டா இதழ் வேறு வழியில் போனது. ஒரே தாளில் பல ஆடைகளின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, வேண்டியதை மட்டும் வேறு தாளில் பிரதி எடுத்துக்கொள்ளச் சொன்னது. அந்தத் தாளை முதன்முதலில் விரிப்பவருக்கு அது ரயில்வே வரைபடம் போலத்தான் தெரியும்.

அடையாற்றில் தையல் வேறு பாதையில் பரவியது. 1917-ல் இங்கே தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் கிளைகள் பெண்களுக்கு எழுத்தறிவோடு தையலும் கற்றுக்கொடுத்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, பிறகு அடையாற்றில் நிலைபெற்ற அவ்வை இல்லம் ஆதரவற்ற பெண்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் தந்தது. தையலுக்கான அரசுத் தொழில்நுட்பத் தேர்வு, லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று இரண்டு நிலைகளில் நடக்கிறது. தனியார் தையல் வகுப்புகள் பலவற்றின் பாடமும் அதை ஒட்டியே அமைந்தது. மனையியல் படித்த கல்லூரி மாணவிகளுக்கு மேரி மாத்யூஸ் ஆங்கிலத்தில் எழுதி, சென்னையில் அச்சான ‘பிராக்டிகல் குளோதிங் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற இரு பாக நூல் பாடமாக இருந்தது. ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மெஷின் தரும் தமிழக அரசின் திட்டம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நடக்கிறது. பக்கத்துத் தரமணியில் 1995-ல் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமும் வந்தது. இத்தனை இருந்தும், வீட்டில் ரவிக்கை தைக்கக் கற்ற பெரும்பாலோர் ஒரு டீச்சரின் வாயிலிருந்தும் கையிலிருந்தும்தான் கற்றார்கள். அவர்கள் எழுதிய நோட்டு டீச்சர் பக்கத்தில் நிற்கும்போது தெளிவாக இருக்கும். பத்து ஆண்டு கழித்துப் பரணிலிருந்து எடுத்தால் பாதி புரியாது.

நோட்டுக் கணக்கு

நோட்டின் அடிப்படை மார்புச் சுற்றளவு. மற்ற அளவுகளில் பலவும் அதன் பங்குகளாக எழுதப்படும்: அகலத்துக்கு நான்கில் ஒரு பங்கு, கழுத்து அகலத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அளவு நாடா பரவிய 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தையற்காரர்கள் வளர்த்த விகித முறை இது. இதனால் ஒரே ஓர் அளவு தெரிந்தாலே வரைபடத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் சிக்கல். 36 இஞ்ச் மார்புக்கு ‘9 + 1½’ என்று ஒரு நோட்டில் இருக்கிறது என்று கொள்வோம். அந்த ஒன்றரை இஞ்சில் அரை இஞ்ச் லூஸ், ஒரு இஞ்ச் உள்ளே விடும் துணி என்பது டீச்சரின் கணக்கு. பத்தரையில் வெட்டி, ஓரத்திலிருந்து ஒரு இஞ்ச் தள்ளித் தைத்தால் கால் பாகம் 9½ நிற்கும். முழு ரவிக்கை 38 இஞ்ச் வரும். அதே வெட்டை அரை இஞ்ச் மட்டும் விட்டுத் தைத்தால் முழுச் சுற்று 40. ஒன்றரையும் லூஸ்தான் என்று எண்ணி, தையலுக்கு இன்னொரு இஞ்ச் சேர்த்து 11½-ல் வெட்டி, அந்த ஒரு இஞ்சை மட்டும் விட்டுத் தைத்தவருக்கு 42 வரும். அளவெடுத்தது சரி, வெட்டியதும் சரி. வர வேண்டிய 38-ஐவிட நான்கு இஞ்ச் கூடுதலானது ஓர் எண்ணைப் பிரித்து எழுதாததால். நோட்டில் கூட்டல் குறியைக் காணும்போதெல்லாம் அது லூஸா, தையலா, இரண்டும் சேர்ந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்வதே இதற்கு மருந்து.

இரண்டு நோட்டுகளைக் கலப்பதும் ஆபத்து. கைக்குழியின் ஆழத்துக்கு ஒருவர் மார்பளவில் ஆறில் ஒரு பங்கு என்பார். இன்னொருவர் எட்டில் ஒரு பங்கோடு ஒன்றரை இஞ்ச் என்பார். 36-க்கு இரண்டிலும் 6 இஞ்ச்தான் வருகிறது. 30-க்கு முதல் முறையில் 5, இரண்டாவதில் 5¼. 42-க்கு முதல் முறையில் 7, இரண்டாவதில் 6¾. நடுத்தர அளவில் ஒத்துப்போவதால் இரண்டும் ஒன்று என்று தோன்றும். ஓரங்களுக்குப் போகப் போகப் பிரியும். ஒருவரின் கைக்குழிக் கணக்கை எடுத்தால் கைக்கும் அவர் கணக்கையே எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்படிதான் ஒவ்வொருவரும் முறையை அமைத்திருப்பார்கள்.

இவற்றோடு, இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் துணி மீட்டரில் விற்கிறது, தையல் இஞ்சில் நடக்கிறது. இஞ்சுக்குக் கீழே நூல். எட்டு நூல் ஓர் இஞ்ச். ‘இரண்டு நூல் தள்ளித் தை’ என்று நோட்டில் இருந்தால் அது கால் இஞ்ச்.

அளவு ரவிக்கை

நோட்டும் வேண்டாம், தாளும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் அளவு ரவிக்கையைத் துணிமேல் விரித்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டுவார்கள். டெய்லரிடம் கொடுக்கும்போது இது நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் டெய்லர் அதிலிருந்து அளவுகளை எடுக்கிறார், உருவத்தை அல்ல. வீட்டில் உருவத்தைச் சுற்றி வரைந்தால் பின்பாகம் சரியாக வரும், முன்பாகம் சின்னதாகும். முன்பாகத்தின் டார்ட்டுகள், அதாவது உருவத்துக்காகப் பிடித்துத் தைத்த மடிப்புகள், துணியை உள்ளே பிடித்து வைத்திருக்கின்றன. தைத்த ரவிக்கையைத் தட்டையாக விரித்தாலும் அந்தத் துணி வெளியே தெரியாது. ஒவ்வொரு டார்ட்டும் எவ்வளவு துணியை விழுங்கியிருக்கிறது என்று உள்பக்கம் திருப்பி அளந்து, அதைச் சேர்த்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். கிழிந்துபோன பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் பிரித்து இஸ்திரி போட்டு, பாகங்களைப் பழுப்புத் தாளில் வரைந்துகொள்வது இதைவிட நம்பகமானது. ஒரு நல்ல டெய்லரின் கணக்கு முழுவதும் அதில் இருக்கும்.

அச்சுத் தாளின் குறிகள்

அச்சுப் பேட்டர்னில் முதலில் பார்க்க வேண்டியது தையலுக்கான துணி சேர்த்து வரையப்பட்டிருக்கிறதா என்பது. அமெரிக்கப் பெரு நிறுவனங்களின் தாள்களில் வழக்கமாக 5/8 இஞ்ச், அதாவது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர், சேர்ந்தே இருக்கும். புர்டா இதழ்த் தாளில் இருக்காது. கோட்டின் மேலேயே வெட்டியவருக்கு ஆடை இறுகிவிடும். ஓரத்தில் இருக்கும் சிறு முக்கோணங்கள் சேர வேண்டிய இடத்தைக் காட்டுபவை. கையில் ஒற்றை முக்கோணம் முன்பக்கம், இரட்டை முக்கோணம் பின்பக்கம். நம் வகுப்புகளில் இதற்குப் பதில் கத்தரியால் சின்ன ‘கட்’ கொடுப்பார்கள். ‘இரண்டு வெட்டவும்’ என்றால் ஒன்றுக்கொன்று எதிர்ப்பட்ட இரண்டு. ஒற்றைத் துணியில் ஒரே பக்கமாக வைத்து வெட்டினால் இரண்டும் வலது கையாகிவிடும். தையல் பழகுபவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் காரியம் இது.

‘மடிப்பில் வைக்கவும்’ என்ற வளைந்த அம்புக்குறி ரவிக்கைக்காரர்களைக் குழப்புவதற்குக் காரணம் உண்டு. மேலைநாட்டு மேல்சட்டைகளில் பல முதுகில் ஜிப் வைத்துத் திறப்பவை. முன்பாகம் மடிப்பில், பின்பாகம் இரண்டு துண்டு. நம் ரவிக்கை பெரும்பாலும் முன்னால் ஊக்கு வைத்துத் திறப்பது. பின்பாகம் மடிப்பில், முன்பாகம் இரண்டு துண்டு. இத்தகைய தாளை ரவிக்கையாக மாற்றும்போது முன்பாகத்தின் நடுக்கோட்டில் ஊக்குப் பட்டிக்குத் துணி சேர்க்க வேண்டும் என்று எந்தக் குறிப்பும் சொல்லாது.

ஒவ்வொரு பாகத்தின் நடுவிலும் நீளமாக ஓர் அம்பு இருக்கும். அது நூலோட்டம்: பாவு நூலின் திசையில், துணிக் கரைக்கு இணையாக அந்த அம்பு கிடக்க வேண்டும் என்பது விதி. காஞ்சிபுரம் புடவையோடு வரும் ரவிக்கைத் துண்டில் இந்த விதியை அப்படியே பின்பற்றினால் கையில் பார்டர் வராது. பார்டர் துணியின் கரையோரமாக ஓடுகிறது. கையின் கீழ் விளிம்பு அந்தப் பார்டரின்மேல் படிய வேண்டும். ஆகவே கையின் நீளம் பாவுக்குக் குறுக்கே, ஊடையின் திசையில் போகும். இது தவறு அல்ல. ஊடையும் நேர் நூல்தான், தொங்கலில் சிறிது வித்தியாசம் வரும், அவ்வளவே. இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவில் வெட்டினால்தான் துணி இழுபடும். 45 பாகை சரிவில் வெட்டும் கிராஸ் பீஸ் கழுத்து வளைவில் சுருக்கமின்றிப் படிவதும் அந்த இழுபடும் குணத்தால்தான். தாளில் உள்ள அம்பை எப்போது மீறலாம், எப்போது கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணத்தைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

தைக்கும் வரிசை

இரு மரபுகளும் மிகவும் முரண்படுவது வரிசையில். மேலைநாட்டுக் குறிப்பு தோளை இணைத்து, பக்கத் தையலைப் போட்டு, கையை ஒரு குழாயாகத் தைத்து, பிறகு அதை வட்டமான கைக்குழிக்குள் பொருத்தச் சொல்லும். சென்னை டெய்லர் டார்ட், ஊக்குப் பட்டி, இடுப்புப் பட்டி எல்லாம் முடித்து, தோளை இணைத்து, கழுத்தை முடித்து, கையை விரித்த நிலையிலேயே வைத்துத் தைப்பார். கடைசியாகக் கை விளிம்பிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டத்தில் பக்கத் தையல். மேலைநாட்டு முறையில் கை கொஞ்சம் அழகாக உட்காரும் என்பது உண்மை. ஆனால் ரவிக்கை ஆண்டுக்கணக்கில் உடுத்தப்படுவது, உடுத்துபவரின் உடம்பும் மாறுவது. பக்கத் தையல் கடைசியாகப் போடப்பட்டு, உள்ளே ஒரு இஞ்ச் துணியும் விட்டிருந்தால், ஒரே தையலைப் பிரித்து இன்னொன்று போட்டாலே அளவு மாறிவிடும். ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு, அதிலும் பாதியை ஓவர்லாக்கில் வெட்டிவிடச் சொல்லும் குறிப்புக்கு இந்தத் தேவை தெரியாது. ரவிக்கைக்கு உள்ளூர் வரிசையே மேல்.

கை பொருத்தும் இடத்தில் இன்னொரு மௌனம் உண்டு. மேலைநாட்டு வரைபடத்தில் கையின் மேல்வளைவு கைக்குழியைவிட ஓர் இஞ்சுக்குக் குறையாமல் நீளமாக இருப்பது வழக்கம். தவறாக வெட்டிவிட்டோமென்று பலர் அதைக் கத்தரித்துவிடுவார்கள். தோள் உருண்டைக்காக வேண்டுமென்றே விடப்பட்ட துணி அது. வளைவில் இரண்டு வரி நீளத் தையல் ஓட்டி, நூலை லேசாக இழுத்து, கொசுவம் விழாமல் குறுக்கிக்கொண்டு பொருத்த வேண்டும்.

‘நல்ல பக்கங்களைச் சேர்த்து’ என்ற கட்டளையில் படம் உதவும். சாயமிட்டுக் காட்டிய பக்கம் பெரும்பாலும் நல்ல பக்கம். ஆனால் கைத்தறிப் பருத்தியில் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். வெட்டிய உடனே எல்லாத் துண்டுகளின் உள்பக்கத்திலும் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட வேண்டும்.

அளவு எண்ணும் அச்சும்

பேட்டர்னின் 12ஆம் அளவும் கடையில் வாங்கும் ஆயத்த ஆடையின் 12ஆம் அளவும் வேறு வேறு. உறையின் பின்பக்க அட்டவணையில் உள்ள உடல் அளவை மட்டுமே நம்ப வேண்டும். அதே அட்டவணையில் ஆடை முடிந்த பிறகு வரும் அளவும் தரப்பட்டிருந்தால், இரண்டின் வித்தியாசமே லூஸ். மேல்சட்டைக்கு அது மூன்று நான்கு இஞ்ச் இருக்கும். ரவிக்கைக்கு ஒன்று இரண்டுக்கு மேல் போனால் புடவைக்கடியில் தொளதொளக்கும்.

கோப்பாக வாங்கியதை அச்சிடும்போது தாள் அளவு ஒரு பொறி. அமெரிக்க லெட்டர் தாள் 216-க்கு 279 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் கடையில் இருப்பது 210-க்கு 297 கொண்ட ஏ4. ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தெரிவு இருந்தால் படம் சுமார் மூன்று சதவீதம் சுருங்கும். 36 இஞ்ச் வர வேண்டியது 35-க்குக் கீழே போய்விடும். முதல் பக்கத்தில் சோதனைச் சதுரம் ஒன்று இதற்காகவே இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டு ஸ்கேலால் அளந்த பிறகுதான் மற்றவற்றை அச்சிட வேண்டும். கட்டட வரைபடம் எடுக்கும் கடைகளில் ஏ0 தாளில் ஒரே துண்டாக எடுத்தால் ஒட்டும் வேலையும் மிச்சம்.

துணியின் பன்னாவையும், அதாவது அகலத்தையும், பார்க்க வேண்டும். குறிப்பில் சொல்லும் நீளம் 45 அல்லது 60 இஞ்ச் அகலத் துணிக்கானது. 36 இஞ்ச் பன்னா உள்ள ரவிக்கைத் துணிக்கு அந்த நீளம் போதாது. பருத்தித் துணியையும் லைனிங்கையும் வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்தி இஸ்திரி போட வேண்டும். லைனிங் மட்டும் பிறகு சுருங்கினால் மேல்துணி குமிழ் குமிழாக நிற்கும்.

குறிப்பில் எந்த வரி புரியவில்லையோ அந்த வரியை மட்டும் செய்தித்தாளில் வெட்டி, குண்டூசியால் இணைத்துப் பார்ப்பது பழைய பழக்கம். பட்டி திருப்புவதும் கழுத்து மடிப்பதும் படிப்பதைவிட இப்படிச் சீக்கிரம் விளங்கும். முழு ஆடைக்கும் அதே வேலையைக் காடாத் துணியோ பழைய வாயில் புடவையோ செய்யும். நீளத் தையலில் இணைத்து, போட்டுப் பார்த்து, இறுகும் இடத்தையும் தொங்கும் இடத்தையும் பென்சிலால் குறித்து, தையலைப் பிரித்து, அந்தத் திருத்தங்களைத் தாளுக்கு மாற்றுவார்கள். திருத்திய தாளில் பெயரும் தேதியும் மார்பளவும், விட்ட துணி எத்தனை இஞ்ச் என்பதும் எழுதப்பட்டிருந்தால், பட்டு ரவிக்கைக்கு அந்தத் தாளையே வைத்து வெட்டலாம்.