ஒளித்து வைத்த டப்பாவும் ஊரின் சந்தேகமும்



ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். மாலை ஐந்தரை மணி. நம் மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு புளியமரத்தடியில், முன்பின் பார்த்திராத இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். ஒருவர் கையில் செல்போன். அதைப் பார்த்துக்கொண்டே பத்தடி முன்னே போகிறார், ஐந்தடி பின்னே வருகிறார். இன்னொருவர் குனிந்து வேரிடுக்கில் கைவிட்டுத் துழாவுகிறார். நீங்கள் பால் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வருகிறீர்கள். உங்கள் தலை தெரிந்ததும் இருவரும் சட்டென்று நிமிர்ந்து, வானத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார்கள்.

என்ன நினைப்பீர்கள்? கஞ்சா, திருட்டு, புதையல், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வரிசையாகத் தோன்றும். நிலம் வைத்திருப்பவருக்கு, "மறுபடியும் அளக்க வந்துவிட்டார்களா?" என்ற பயம் வரும். அவர்கள் விளையாடிக்கொண்டிருக்கலாம் என்று மட்டும் தோன்றாது. அப்படி ஒரு விளையாட்டு உண்மையிலேயே இருக்கிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங். விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளில் யாராவது நாளை இதை இங்கே ஆடலாம். ஆகவே அந்த விளையாட்டின் கதையையும், நம் சந்தேகத்தின் கதையையும் ஒருசேரச் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

ஒரு வாளியில் தொடங்கிய ஆட்டம்

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவம் உருவாக்கியது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். அதனால் இடம் காட்டுவதில் நூறு மீட்டர் வரை தப்பு வரும். 2000 மே முதல் வாரத்தில், அதிபர் கிளிண்டன் காலத்தில், அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஒரே இரவில் சாதாரண மனிதர் கையிலிருந்த கருவியும் ஏறக்குறைய சரியான இடத்தைக் காட்டத் தொடங்கியது.

அதைச் சோதித்துப் பார்க்க, மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு வாளியை வைத்தார். அதில் சில புத்தகங்கள், ஒரு உண்டிவில், ஒரு டின் பீன்ஸ் போன்ற சில்லறைச் சாமான்களும் ஒரு குறிப்பேடும் இருந்தன. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். "கண்டுபிடிப்பவர் ஒன்றை எடுக்கலாம், ஒன்றை வைக்க வேண்டும், பெயரை எழுதிவிட்டு வர வேண்டும்" என்பதுதான் ஆட்டம். சில நாட்களுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் ஜியோகேச்சிங் என்ற பெயரும் வந்தது. இன்று உலகம் முழுவதும் இப்படிப்பட்ட டப்பாக்கள் லட்சக்கணக்கில் ஒளிந்திருக்கின்றன. நம் நாட்டிலும் உண்டு.

ஆட்டத்தின் சுவையே ரகசியம்தான். ஆடாதவர் கண்ணில் படாமல் எடுத்து, படாமல் வைக்க வேண்டும். ஆடாதவர்களுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் "மகிள்". ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் அறியாதவர்களைச் சொல்லும் வார்த்தை அது. பால் வாங்கிக்கொண்டு வந்த நீங்களும் நானும் அவர்கள் கணக்கில் மகிள்கள்தாம். நம்மைப் பார்த்ததும் அவர்கள் வானத்தைப் பார்த்ததற்குக் காரணம் இதுதான். வம்பு தொடங்கும் இடமும் இதுதான்.

அளக்க வந்தவர்களை நாம் அறிவோம்

நம் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு இருநூறு ஆண்டுக் காரணம் உண்டு.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. நம் பகுதியும் அதில் அடக்கம். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ முதலானவர்களும் 1799 வரை இங்கே நிர்வாகம் நடத்தினார்கள். மன்றோ தருமபுரியில் தங்கியிருந்தார். பின்னாளில் ரயத்துவாரி என்று சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய வரிமுறைக்கு முளைவிட்ட நாற்றங்கால் நம் மண்தான். வயல் வயலாகச் சங்கிலி போட்டு அளந்தார்கள். அளந்த பின் தீர்வை வந்தது. கையில் கருவியோடு ஒருவர் வந்தால் அடுத்து என்ன வரும் என்பதை ஊர் அப்போதே கற்றுக்கொண்டது.

அடுத்து வந்தவர் வில்லியம் லாம்ப்டன். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். தென்கோடியிலிருந்து வடக்கே இமயம் வரை போன அந்த அளவைக் கோடு 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. அந்தத் தீர்க்கரேகை நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி வழியாகப் போகிறது. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மலையுச்சிகளுக்கும் கோபுரங்களுக்கும் ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமானது. லாம்ப்டனே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார்.

ஊர்க்காரர்களுக்கு அந்தக் கருவிமேல் ஒரு கோபம் இருந்தது. அதன் கண்ணாடி வழியே பார்த்தால் வீட்டுப் பெண்கள் தலைகீழாகத் தெரிவார்கள் என்று பேச்சு. சிரிக்காதீர்கள். அந்தக் காலத் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். பேச்சில் பாதி உண்மை இருந்தது. யாராவது கூப்பிட்டு, "இதோ நீங்களே பாருங்கள்" என்று காட்டியிருந்தால் பாதி சண்டை குறைந்திருக்கும்.

இது பழங்கதை என்றால், 2018ஐ நினைத்துப் பாருங்கள். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக நம் மாவட்டத்தில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அளவுக்கல் நட்டார்கள். நிலத்தை நம்பியிருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள், போராடினார்கள். 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்றது. மொரப்பூர்–தருமபுரி புதிய ரயில் பாதைக்கும் நிலம் அளக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஊரில், செல்போனைப் பார்த்து அடி அளக்கும் இரண்டு பேரை மக்கள் முறைத்துப் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் சந்தேகம் கையை ஓங்கினால்

அதே 2018 மே 9ஆம் தேதியை நாம் மறக்கக் கூடாது. பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்கு என்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்கு அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்ஆப் வதந்தி அப்போது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கும்பல் கூடியது. அந்த அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இப்படியே கொல்லப்பட்டார்.

அடித்தவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். நம்மைப்போலவே பிள்ளைகளைப் பெற்றவர்கள், ஊரைக் காப்பதாக நம்பியவர்கள். சந்தேகப்பட்டது அவர்கள் குற்றமாகாது. கேட்காமல் கை ஓங்கியதுதான் குற்றம்.

அவர்கள் பட்டுக் கற்ற ஒழுங்கு

ஜியோகேச்சிங் ஆடுகிறவர்களும் வெளிநாடுகளில் பட்டுத்தான் திருந்தினார்கள். 2011 ஜூலையில் இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிறு ஊரில், ஒரு காபிக் கடை வாசலில் பூந்தொட்டிக்கு அடியில் ஒருவர் பிளாஸ்டிக் டப்பாவை வைப்பதைப் பார்த்துக் காவல்துறைக்குச் சொன்னார்கள். தெருவை அடைத்தார்கள், கடைகளைக் காலி செய்தார்கள். ராணுவ வெடிகுண்டுப் பிரிவு வந்து டப்பாவை வெடிக்கச் செய்தது. பார்த்தால் அது விளையாட்டு டப்பா.

அந்த ஆட்டத்துக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடுவதானால் முதலில் அவற்றைச் சொல்லிக்கொடுங்கள்.

நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எங்கும் வைக்கக் கூடாது. மண்ணைத் தோண்டிப் புதைக்கவே கூடாது. மரத்தில் ஆணி அடிப்பதும் சுவரைக் கீறுவதும் ஆகாது. டப்பாவின்மேல் இது விளையாட்டுப் பொருள் என்று தெளிவாக எழுத வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிந்தால் இன்னும் நல்லது. தின்பண்டம், கத்தி, மது, மருந்து வைக்கக் கூடாது. ஒன்றை எடுத்தால் அதே மதிப்புக்கோ கூடுதலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். போகிற வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவதை அவர்கள் ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் நம் நகருக்கும் வேண்டும்!

நம் ஊருக்கு என்று இன்னும் சில சேர்த்துக்கொள்ளலாம். ரயில் நிலையம், தண்டவாளம், பள்ளிக்கூடம், கோயில், மசூதி, தேவாலயம், மின்மாற்றி ஆகியவற்றின் அருகே வேண்டவே வேண்டாம். நடுகற்களின் பக்கமும் போக வேண்டாம். தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஊருக்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவு அவை. கல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று தோண்டிப் பெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஒரு டப்பாவை ஒளித்தால் அந்த மூடநம்பிக்கைக்கு நாமே சாட்சி சொன்னதுபோல் ஆகும். நிஜமான புதையல் கிடைத்தாலும் அது எடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

டப்பாவே இல்லாமலும் ஆடலாம். 2004இல் அமெரிக்க நிலவியல் சங்கம் தொடங்கிய ஒரு வகையில், குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ ஓடையையோ பார்த்து, கேள்விக்கு விடை சொன்னால் போதும். நம் ஊருக்கு ஏற்றது இதுதான் என்பது என் எண்ணம். இங்கே தேடுவதற்கா பஞ்சம்? பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்க்க உதவும் என்று மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில் பாதை 1906இல் ஓடத் தொடங்கியது. 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் நடந்த 1941இல் மூடப்பட்டது. அந்தப் பாதை எந்த வழியாகப் போனது என்று பெரியவர்களைக் கேட்டுக்கேட்டுப் பிள்ளைகள் தேடட்டும். அந்த ஆட்டத்தில் யாருக்கும் ஒளிய வேண்டியதில்லை. ஊர்க்காரரிடம் பேசினால்தான் விடையே கிடைக்கும்.

நாம் செய்ய வேண்டியது

மறுபடியும் அந்தப் புளியமரத்தடிக்கு வாருங்கள். இரண்டு இளைஞர்கள், கையில் போன். நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதலில் பக்கத்தில் போய், "யாருப்பா நீங்க? என்ன தேடறீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். விளையாட்டு என்றால் போனில் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். பதில் திருப்தியாக இல்லையா? 112க்குப் போன் செய்யுங்கள். குழந்தை சம்பந்தப்பட்ட பயம் என்றால் 1098. சந்தேகமான டப்பாவைத் தொடவோ திறக்கவோ வேண்டாம், விலகி நின்று தகவல் சொல்லுங்கள். ஆள் கூட்டாதீர்கள். படம் எடுத்து, "உஷார்" என்று நம் நகர் வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். அந்த ஒரு வார்த்தை பத்துத் தெரு தாண்டும்போது என்னவாகும் என்பதற்கு அத்திமூர் சாட்சி.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை வேறு ஊரில் இதை ஆடினால், யாராவது பார்த்துவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வணக்கம் சொல்லி, நின்று, விளக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தின் ரகசியம் போனால் போகட்டும். இன்னொரு டப்பா தேடிக்கொள்ளலாம்.

நம் நகரில் யாராவது பொது இடத்தில் வைக்க விரும்பினால், இடத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, சங்க நிர்வாகிகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இருநூறு ஆண்டுகளாக இந்த மண்ணில் அளக்க வந்தவர்கள் பலர் சொல்லாமலே வந்தார்கள். நம் பிள்ளைகளாவது சொல்லிவிட்டு விளையாடட்டும்.