இல்பர்ட் மசோதாவும் தொட்டாற்சிணுங்கிகளும்

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இல்பர்ட் மசோதாவுக்கு நாலு வரி ஒதுக்கியிருப்பார்கள். ரிப்பன் பிரபு காலம், 1883, இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்றது, எதிர்ப்பு வந்தது, திருத்தப்பட்டது. இரண்டு மார்க் கேள்வி. படித்தோம், எழுதினோம், மறந்தோம். வேலைக்காக கொல்கத்தா வந்து சேர்ந்த பிறகுதான் அந்த நாலு வரிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கூத்து நடந்திருக்கிறது என்று தேடிப் படித்தேன். கூத்து அரங்கேறிய டவுன் ஹால், ஹைகோர்ட்டுக்குப் பக்கத்தில், தடித்தடித் தூண்களோடு இன்றும் நிற்கிறது.

2020ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்டை போலீஸ் கொன்ற பிறகு வெள்ளையரின் குற்றவுணர்வு, வெள்ளையரின் சலுகை போன்ற சொற்கள் உலகம் முழுக்கச் சுற்றின. இனவெறி பற்றிப் பேச்செடுத்தாலே நல்ல மனிதர்கள்கூட கோபிப்பதும், அழுவதும், எழுந்து போவதும் ஏன் என்று ராபின் டிஆஞ்சலோ 2011ல் ஒரு கட்டுரை எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். தமிழில் தொட்டாற்சிணுங்கித்தனம் என்று சொல்லலாம். பெயர்தான் புதுசு. சரக்கு 1883லேயே கல்கத்தாவில் மொத்த விலைக்குக் கிடைத்தது.

முதலில் சட்டம் என்னவாக இருந்தது என்று பார்ப்போம். 1872 வரை, மொபசலில் ஒரு வெள்ளைக்காரர் பெரிய குற்றம் செய்தால், வழக்கு நடத்த கல்கத்தா, பம்பாய், சென்னை மாதிரியான ஊர்களில் இருந்த உயர்நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அடிபட்ட கூலிக்காரர் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்யவேண்டும். யாரால் முடியும்? 1872ல் இதைக் கொஞ்சம் தளர்த்தி, மாவட்டத்திலேயே விசாரிக்கலாம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: விசாரிப்பவரும் வெள்ளைக்காரராக இருக்கவேண்டும். அப்போதும் மாஜிஸ்டிரேட் அதிகபட்சம் மூன்று மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும்தான் விதிக்க முடியும். செஷன்ஸ் நீதிபதி என்றால் ஒரு வருடம்.

இதன் விளைவு என்ன என்பதற்கு ஒரு வழக்கு போதும். 1876, ஆக்ரா. ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வக்கீல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வரத் தாமதமானதற்காகத் தன் குதிரைக்காரர் கட்வாருவை அடித்தார். கட்வாரு கொஞ்ச நேரத்தில் செத்துப்போனார். மண்ணீரல் கிழிந்திருந்தது என்றார்கள். மாஜிஸ்டிரேட் லீட்ஸ் விதித்த தண்டனை 30 ரூபாய் அபராதம். உயிர் போனதற்கு இல்லை, காயம் உண்டாக்கியதற்கு. மலேரியாவால் இந்தியர்களின் மண்ணீரல் வீங்கியிருக்கும், லேசாகத் தட்டினாலே கிழிந்துவிடும் என்பது அந்தக் கால வெள்ளைக்காரப் பிரதிவாதிகளுக்கு நிரந்தரக் கைமருந்து. எலிசபெத் கோல்ஸ்கி 2010ல் எழுதிய புத்தகத்தில் இந்த மாதிரி வழக்குகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார். படித்தால் தூக்கம் போய்விடும்.

வைஸ்ராய் லிட்டன் ஒன்றும் இந்தியர்களின் நண்பர் இல்லை. ஆனால் அவருக்கே இந்த 30 ரூபாய் உறுத்தியது. மாஜிஸ்டிரேட்டைக் கண்டித்து ஒரு குறிப்பு வெளியிட்டார். உடனே இங்கிருந்த ஆங்கிலப் பத்திரிகைகள் கட்வாருவை விட்டுவிட்டு, லிட்டன் எப்படி நீதித்துறையில் தலையிடலாம் என்று அவர்மேல் பாய்ந்தன. 1883ல் நடக்கப்போவதற்கு இது ஒரு ஒத்திகை.

1882 ஜனவரியில் பிகாரிலால் குப்தா என்ற வங்காளி ஐ.சி.எஸ். அதிகாரி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அவர் கல்கத்தாவில் பிரசிடென்சி மாஜிஸ்டிரேட்டாக இருந்தவர். நகரத்துக்குள் வெள்ளைக்காரர்களை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அதே மனிதர் பதவி உயர்ந்து மொபசலுக்குப் போனால் அந்த அதிகாரம் போய்விடும். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் வெள்ளைக்கார ஜூனியருக்கு அது இருக்கும். இது என்ன நியாயம் என்று கேட்டார். மாகாண அரசுகளைக் கேட்டபோது பெரிய ஆட்சேபம் வரவில்லை. 1883 பிப்ரவரியில் சட்ட உறுப்பினர் கோர்ட்னி இல்பர்ட் மசோதாவைக் கொண்டுவந்தார். இதனால் அதிகாரம் பெறப்போகிற இந்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதுவும் உயர்நீதிமன்றங்களில் இந்திய நீதிபதிகள் ஏற்கனவே இருந்தார்கள். சென்னையில் 1878ல் முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டபோது ஆங்கிலப் பத்திரிகைகள் குதித்ததும், அதற்குப் பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் சேர்ந்து ‘தி ஹிந்து’வைத் தொடங்கியதும் நமக்குத் தெரிந்த கதை. கல்கத்தாவில் ரமேஷ் சந்திர மித்ரா 1882ல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவே இருந்தார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆனால் 1883 பிப்ரவரி 28 அன்று டவுன் ஹாலில் வானம் இடிந்தது. வியாபாரிகள், வக்கீல்கள், தோட்டக்காரர்கள் எல்லாம் திரண்டார்கள். பிரான்சன் என்ற வக்கீல் இந்தியர்களைப் பற்றிப் பேசிய பேச்சு அவ்வளவு கேவலமாக இருந்ததால், பிறகு அவரே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. தற்காப்புச் சங்கம் என்ற பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கி வசூல் செய்தார்கள். கவனியுங்கள், தற்காப்பு! நாட்டை ஆள்பவர்கள் அவர்கள், பட்டாளம் அவர்களுடையது, ஆபத்தும் அவர்களுக்கேதானாம். ரிப்பனை ஆளுநர் மாளிகையிலிருந்து தூக்கிக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட ஒரு கூட்டம் சதி செய்ததாக பக்லண்ட் என்ற அதிகாரி பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அவர்கள் வைத்த வாதங்களைப் படித்தால் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். இது இனப் பிரச்சனையே இல்லை, நீங்கள்தான் இனத்தை இழுத்து வந்து ஒற்றுமையைக் கெடுக்கிறீர்கள். இது சலுகை இல்லை, எங்கள் பிறப்புரிமை. எங்களுக்கு இந்திய நண்பர்கள் உண்டு, ஆனால் இது வேறு விஷயம். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் பெண்களின் பாதுகாப்பு என்ன ஆவது?

இந்தக் கடைசி வாதத்தில்தான் எனக்கு மிகவும் சங்கடமான ஒரு பாத்திரம் வருகிறது. அன்னெட் அக்ராய்ட். இங்கிலாந்தில் கேசவ் சந்திர சென்னின் பேச்சைக் கேட்டு, வங்காளப் பெண்களுக்குக் கல்வி தர வேண்டும் என்று 1872ல் கப்பலேறி வந்தவர். அடுத்த வருடமே இங்கே ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் ஹென்றி பெவரிட்ஜ் என்ற ஐ.சி.எஸ். நீதிபதியைத் திருமணம் செய்துகொண்டார். பிற்காலத்தில் பாபர்நாமாவைத் துருக்கி மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவரேதான். கணவர் மசோதாவை ஆதரித்தார். மனைவி 1883 மார்ச்சில் ‘இங்கிலீஷ்மேன்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். இது இனப்பெருமையால் வரும் எதிர்ப்பு இல்லை, பெண் என்ற பெருமையால் வருவது என்பது அவர் வாதத்தின் சாரம். தன் வீட்டுப் பெண்களை அடைத்துவைக்கும் சமூகத்து ஆண் எங்களுக்கு எப்படி நீதி சொல்ல முடியும் என்று கேட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். தன்னை இனவெறி இல்லாதவராகவே நம்பியிருப்பார். இங்கே பெண்கள் அடைக்கப்பட்டிருந்ததும் உண்மைதான். ஆனால் அதே 1883ல் காதம்பினி கங்கூலியும் சந்திரமுகி போஸும் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1920ல், கேம்பிரிட்ஜ் 1948ல். பெண்களை அடைத்துவைப்பது நீதி சொல்லத் தகுதிக்குறைவு என்றால் அந்த அளவுகோல் இரண்டு பக்கமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. பெண் என்ற முறையில் தான் பட்ட வலி அவருக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரி என்பதால் தனக்குக் கிடைத்த கவசம் தெரியவில்லை. இந்த விவாதத்தில் ஆண்மை, பெண்மை பற்றிய பேச்சு எப்படியெல்லாம் புகுந்தது என்று மிருணாளினி சின்ஹா 1995ல் ஒரு நல்ல புத்தகம் எழுதியிருக்கிறார்.

முடிவு என்ன ஆனது? ரிப்பன் இறங்கி வந்தார். 1884 ஜனவரியில் நிறைவேறிய சட்டப்படி இந்திய மாவட்ட மாஜிஸ்டிரேட்டுகளும் செஷன்ஸ் நீதிபதிகளும் வெள்ளையரை விசாரிக்கலாம். ஆனால் குற்றம் சாட்டப்பட்ட வெள்ளைக்காரர், பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ உள்ள ஜூரி வேண்டும் என்று கேட்கலாம். மாவட்ட மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் இந்தியருக்கு ஜூரியே கிடையாது. அதாவது, சலுகையை நீக்கக் கொண்டுவந்த சட்டம், சலுகைக்காரர்களின் மனம் புண்பட்டதற்கு நஷ்ட ஈடாக இன்னொரு சலுகையைக் கொடுத்துவிட்டுப் போனது.

‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று சென்னையில் கொண்டாடினார்கள், ரிப்பன் மாளிகை கட்டினார்கள். தகுதியானவர்தான். உள்ளாட்சிக்கு அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் லிட்டனின் உறுத்தலும் ரிப்பனின் நல்லெண்ணமும் சேர்ந்து சாதிக்க முடிந்தது இவ்வளவுதான். சத்தம் போட்டால் நடக்கும் என்று பார்த்துக் கற்றுக்கொண்ட இந்தியர்கள் 1885ல் காங்கிரஸைத் தொடங்கினார்கள். குற்றவியல் சட்டத்தில் இந்தப் பாகுபாடு 1923ல் குறைக்கப்பட்டது. முழுக்க நீக்க 1949ல் சுதந்திர இந்தியா தனியாக ஒரு சட்டம் போடவேண்டியிருந்தது. குப்தாவின் குறிப்பிலிருந்து எண்ணினால் 67 வருடம்.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு இத்தோடு முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் 2006ல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு என்றவுடன், டில்லியில் மருத்துவ மாணவர்கள் தெருவைப் பெருக்கியும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டும் எதிர்ப்பைக் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்தவர்கள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? ‘நான் சாதி பார்ப்பதில்லை, நீங்கள்தான் கிளறுகிறீர்கள்’ என்று இன்றும் அலுவலக கேன்டீனில் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் கேட்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அன்னெட் அக்ராய்டும் நல்லவர்தான்.

யாரும் குற்றவுணர்வில் குமைய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதனால் யாருக்கும் பைசா பிரயோஜனம் இல்லை. பேச்சு யாரைப் பற்றித் தொடங்கியது, இப்போது யாருடைய மனவருத்தத்தில் வந்து நிற்கிறது என்று நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். டவுன் ஹாலில் அன்று கூடியவர்களில் யாராவது ஒருவர் கட்வாருவின் 30 ரூபாயைப் பற்றி எழுந்து பேசியிருந்தால், கூட்டம் எப்படிப் போயிருக்கும்?