சாங்கிக் கதவும் இரண்டு மனமும்

ஒருவர் தம் தீய பழக்கத்தைக் கைவிடுவதற்குப் பெரிதும் துணைநிற்பது அச்சமா, அறிவுரையா, அன்பா? பட்டிமன்றங்களில் பலமுறை எழுந்த கேள்வி இது. சிங்கப்பூரில் இக்கேள்விக்கு விடை தேட விரும்புவோர் சாங்கிக்குப் போனால் போதும்.

சாங்கிச் சிறைச்சாலை 1936ல் கட்டி முடிக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் அங்கே ஆயிரக்கணக்கான ஐரோப்பியக் குடிமக்களை அடைத்து வைத்தார்கள். பழைய கட்டடம் 2004ல் இடிக்கப்பட்டது. அதன் நுழைவாயில் கதவும் மதிற்சுவரின் ஒரு பகுதியும் இரு காவற்கோபுரங்களும் காக்கப்பட்டு, 2016ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. போரைப் பற்றி அந்தக் கதவு சொல்லும் கதை எல்லாருக்கும் தெரியும். அதே வட்டாரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. போதைக்கு அடிமையானவரின் மனத்தைத் திருப்ப ஒரு சமுதாயம் செய்த முயற்சிகளின் கதை அது.

அபினில் தொடங்குகிறது இந்த வரலாறு. சிங்கப்பூரின் தொடக்க காலத்திலிருந்தே அபின் விற்பனை உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. 1910ல் அரசாங்கமே அந்த வணிகத்தை நேரடியாக ஏற்றது. இந்தியாவில் விளைந்த அபினைக் கூலித் தொழிலாளர்கள் புகைத்தார்கள், கருவூலம் நிறைந்தது. டாக்டர் சென் சு லான் இதை எதிர்த்துப் போராடி, 1933ல் அபின் ஒழிப்பு மருந்தகத்தைத் தொடங்கினார். போர் முடிந்த பின் 1946ல் அபின் தடைசெய்யப்பட்டது. 1955ல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. அடிமையானவரைக் குற்றவாளி என்று மட்டும் கருதாமல் நோயாளியாகவும் பார்க்கத் தொடங்கிய காலம் அது.

சீனர்களுக்கு அபின் என்றால் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கள்ளும் சம்சுவும். தோட்டங்களிலும் நகரத்திலும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்தன. மாலையில் கூலிப் பணம் வீட்டுக்கு வருவதற்குள் பாதி கரைந்துவிடும். 1932ல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய தமிழ் முரசும் சமுதாயச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து வலியுறுத்தின. அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த கருவி மேடைப் பேச்சு. குடியின் கேட்டை எடுத்துச் சொன்னால் குடிப்பவர் திருந்துவார் என்று நல்லெண்ணத்தோடு நம்பினார்கள். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அவர்களில் சிலர் அன்று மாலையே மறுபடியும் கடைக்குப் போனார்கள்.

ஏன் அப்படி? விடை திருக்குறளிலேயே இருக்கிறது. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். போதையில் இருப்பவனிடம் காரணம் காட்டுவது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போன்றது என்கிறது ஒன்று. தான் குடிக்காமல் தெளிவாக இருக்கும் நேரத்தில் குடித்துத் தள்ளாடும் இன்னொருவனைப் பார்க்கும்போது, தன் நிலையும் இதுதானே என்று அவன் எண்ணிப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறது மற்றொன்று. வெளியிலிருந்து சொல்லும் காரணம் அணைந்துவிடும். அவனாகவே எண்ணிப் பார்ப்பது நிற்கும்.

1970களில் ஹெராயின் வந்தது. சிங்கப்பூர் கடுமையாக எதிர்கொண்டது. 1971ல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அமைந்தது. 1972ல் சிங்கப்பூர் போதைப்பொருள் ஒழிப்புச் சங்கம் உருவானது. 1973ல் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் வந்தது. 1977 ஏப்ரலில் ‘ஆபரேஷன் ஃபெரட்’ என்ற தீவிரச் சோதனை நடவடிக்கை தொடங்கியது. பிடிபட்டவர்கள் போதை மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சாங்கி வட்டாரத்தின் தெலோக் பாக்கு, செலராங் பார்க் நிலையங்களும் அவற்றில் அடங்கும்.

அங்கே முதல் சில நாள்கள் மருந்தின் துணையின்றிக் கழிந்தன. உடல் நடுங்கும், எலும்பெல்லாம் வலிக்கும், உறக்கம் வராது. அதைத் தாண்டியபின் உடற்பயிற்சி, கட்டொழுங்கு, அறிவுரை, வேலை. உடலிலிருந்து போதை நீங்கியது உண்மை. ஆனால் வெளியே வந்தவர்களில் பலர் மீண்டும் உள்ளே போனார்கள். சட்டத்தால் ஒருவரைப் போதையிலிருந்து பிரித்து வைக்க முடியும். வெளியே வந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை பழைய கூட்டாளி அழைக்கும்போது என்ன பதில் சொல்வது என்பதை அவர் மனந்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த மனத்தைப் பற்றிய புதிய பார்வை 1980களில் வந்தது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1982ல் நார்வே நாட்டின் பெர்கன் நகருக்கு அருகில் இருந்த ஒரு குடிநோய் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் நோயாளிகளாக நடித்துக் காட்டி, அவர் பேசும் முறையை இடைமறித்து இடைமறித்துக் கேட்டார்கள். ஏன் இந்தக் கேள்வி? ஏன் இதைச் சொன்னீர்கள்? ஏன் அதைச் சொல்லவில்லை? தாம் பழக்கத்தால் செய்துவந்ததற்குப் பின்னே ஒரு முறை இருப்பதை அவர்களுக்குப் பதில் சொல்லும்போதுதான் மில்லர் உணர்ந்தார். 1983ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1991ல் ஸ்டீபன் ரால்னிக்குடன் சேர்ந்து நூலாக்கினார். ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறை பிறந்தது இப்படித்தான்.

அதுவரை அமெரிக்காவில் பல மறுவாழ்வு நிலையங்கள், நோயாளி பொய் சொல்கிறார், மறுக்கிறார், அவரை உடைக்க வேண்டும் என்று எண்ணிக் கடுமையாக மோதின. மில்லர் வேறு விதமாகப் பார்த்தார். அந்த மனிதர் மதில் மேல் பூனை. விட வேண்டும் என்பதும் அவர் மனந்தான், விட முடியாது என்பதும் அவர் மனந்தான். ஆலோசகர் “விட்டுவிடு” என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டால், அவருக்கு மிஞ்சுவது “விட மாட்டேன்” என்ற பக்கம் மட்டுமே. அதையே திரும்பத் திரும்பப் பேசிப் பேசி அதையே உறுதியாக்கிக்கொள்கிறார். மில்லரும் அவருடைய குழுவினரும் 1993ல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு மோதினாரோ அவ்வளவுக்கு நோயாளி ஓராண்டு கழித்தும் அதிகமாகக் குடித்தார் என்பது தெரிந்தது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஒரு கற்பனை உரையாடல். நாற்பது வயதைக் கடந்த ஒருவர், அவரைவிட இளைய ஆலோசகர்.

“இந்தப் பழக்கத்த விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்ண்ணே? பத்துக்கு எத்தனை சொல்வீங்க?”

“ஒரு நாலு இருக்கும்மா.”

நாலுதானா என்று கேட்டால் கதை முடிந்தது. பயிற்சி பெற்றவர் கேட்பது வேறு.

“ஏன் நாலு? ஒன்னுன்னு சொல்லலையே?”

அவர் சற்று நேரம் பேசாமல் இருப்பார். பிறகு, “மக அடுத்த வருஷம் உயர்நிலைப் பள்ளிக்குப் போவுது. அது கூட்டாளிங்க முன்னாடி என்னைக் காட்ட வெட்கப்படுது” என்பார்.

அந்தக் காரணத்தை ஆலோசகர் சொல்லவில்லை. அவரே சொன்னார். தம் வாயால் சொன்னதைத் தம் காதால் கேட்டார். அதைத் திரும்ப எடுத்துச் சொல்வதும், அவர் இதுவரை செய்த சிறு முயற்சியைப் பாராட்டுவதும், பேசியவற்றைத் தொகுத்து அவர் முன் வைப்பதுந்தான் ஆலோசகரின் வேலை. வழி காட்டலாம், ஆனால் அனுமதி கேட்டு. முடிவு அவருடையது.

இது இளகிய மனத்தோரின் முறை என்று சிலர் குறை கூறுவதுண்டு. உண்மையில் திட்டுவதைவிடக் கேட்பதே கடினம். இது மந்திரமும் அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதன் பயன் மிதமானது என்றே சொல்கிறார்கள். வேலை, வீடு, குடும்பம், மருத்துவம் ஆகியவற்றோடு சேரும்போதுதான் அது நிலைக்கிறது.

குடும்பத்தைச் சேர்ப்பதில் தமிழர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தம் கணவரை மதுவுக்குப் பறிகொடுத்தபின், அமெரிக்காவின் ஹேசல்டன் நிலையத்தில் பயிற்சி பெற்று, 1980ல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். நோயாளிக்கு மட்டுமன்றி, அவருடைய மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் தனித் திட்டம் உண்டு என்பது அங்கே தொடர்ந்து காக்கப்பட்ட கொள்கை.

சிங்கப்பூரிலும் மாற்றம் வந்தது. 2000ல் மறுவாழ்வு அமைப்புகள் ஒன்றாகச் செயல்படக் ‘கேர்’ கட்டமைப்பு உருவானது. 2004ல் அப்போதைய அதிபர் எஸ்.ஆர். நாதன் மஞ்சள் ரிப்பன் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மனநலக் கழகத்தில் 2008ல் அடிமைப் பழக்கங்களுக்கான தேசியச் சேவை அமைந்தது. இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆஷ்ரம் இல்லம், சிறையிலிருந்து வருவோருக்கு வீட்டுக்கும் சிறைக்கும் இடையே ஒரு படியாக நின்றது. சிறைத்துறையிலும் உளவியல் அடிப்படையிலான திட்டங்கள் வலுப்பெற்றன. 1990களின் இறுதியில் விடுதலையானவர்களில் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஈராண்டுக்குள் மீண்டும் சிறைக்கு வந்தார்கள். 2020ல் விடுதலையானவர்களில் அது ஏறத்தாழ 20 விழுக்காடு. இந்தக் குறைவுக்கு ஆலோசனை மட்டும் காரணமல்ல. வேலைவாய்ப்பும் சமூகக் கண்காணிப்பும் குடும்பமும் சேர்ந்த பலன் அது.

இருப்பினும் ஐந்தில் ஒருவர் மறுபடி அந்தக் கதவுக்குள் போகிறார் என்பதையும் மறக்கக் கூடாது. அவரும் ஒரு வீட்டின் பிள்ளை, ஒரு பிள்ளையின் தந்தை. அவர் வீடு திரும்பும் நாளில் அம்மாவும் அண்ணனும் மாமாவும் வரிசையாக நின்று அறிவுரை சொல்வார்கள். அவை அனைத்தும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. அன்று யாராவது ஒருவர் சாப்பாடு போட்டுவிட்டு, “இனிமே எப்படி இருக்கணும்னு நீ நினைக்கிற?” என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தால், மேடையில் நூறு பேர் பேசியதைவிட அது பெரிய உதவி.