பதின்மூவரில் ஒருவர்: தக்கை அங்கி தந்த பாடம்

நீரில் விழுந்தவரைக் காப்பாற்றுவது உடல் பலமா, நீச்சல் திறமையா, அல்லது மார்பில் கட்டிய சில தக்கைத் துண்டுகளா? இந்தக் கேள்விக்கு 1861ஆம் ஆண்டிலேயே பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பதிலை நாம் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் வேதனை.

அவ்வாண்டு பிப்ரவரி 9ஆம் நாள், இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தைப் புயல் தாக்கியது. அன்று பலமுறை கடலுக்குச் சென்று, சிக்கிய கப்பல்களின் மாலுமிகளைக் கரைசேர்த்த மீட்புப் படகு, மீண்டும் ஒருமுறை புறப்பட்டபோது பேரலையில் கவிழ்ந்தது. படகிலிருந்த 13 பேரில் 12 பேர், கரையில் நின்ற மக்களின் கண்ணெதிரே மாண்டனர். அனைவரும் கடலோடு வாழ்ந்தவர்கள்.

பிழைத்தவர் ஹென்றி ஃபிரீமன் ஒருவரே. புதிய வகைத் தக்கை அங்கியை அணிந்திருந்தவரும் அவரே. பிற்காலத்தில் அவர் மீட்புப் படகின் தலைவராகி, 300க்கும் அதிகமானோரின் உயிரைக் காக்கத் துணைநின்றார்.

அந்த அங்கியை 1854இல் வடிவமைத்தவர் கேப்டன் வார்ட். துடுப்பு வலிக்கும் கைகளுக்கு இடைஞ்சல் இல்லாதபடி, தக்கையைச் சிறுசிறு பட்டைகளாக வெட்டித் துணியில் தைத்திருந்தார்.

அடுத்து வந்தது, நம் வட்டாரத்தில் விளையும் இலவம்பஞ்சு. மலாய் மொழியில் கெகாபு எனப்படும் இந்தப் பஞ்சின் இழைகள் உள்ளீடற்றவை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. பிரிட்டனின் மீட்புப் படகுக் கழகம் 1904இல் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால், எண்ணெயில் ஊறினால் இலவம்பஞ்சு மிதக்கும் தன்மையை இழந்துவிடும். பின்னர் அதன் இடத்தைச் செயற்கை நுரைப்பொருள் பிடித்தது.

அங்கி இலேசாகிக்கொண்டே வந்தது. மனிதனின் அலட்சியம் மட்டும் குறைந்ததா?

2007ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி, கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் சிங்கப்பூர் தேசியக் குழுவின் டிராகன் படகு கவிழ்ந்தது. 22 பேரில் ஐந்து இளைஞர்கள் உயிரிழந்தனர். பயிற்சி பெற்ற விளையாட்டாளர்கள் அவர்கள். ஆனால், உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. தோன்லே சாப் ஆற்றின் நீரோட்டம் உடல்வலிமையைப் பார்த்து விலகிப் போகவில்லை.

படகில் அங்கி இருந்தால் மட்டும் போதாது. அது உடலில் இருக்க வேண்டும். கவிழ்ந்தபின் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டே வார்களை மாட்டுவது மிகக் கடினம். புறப்படும் முன்பே அளவு பார்த்து அணிந்து, வார்களை இறுக்க வேண்டும். படகு கவிழ்ந்து மிதந்தால், அதைப் பற்றிக்கொள்வதே நல்லது. கரை அருகில் தெரிகிறதே என்று நீந்தத் தொடங்கினால் சோர்வுதான் மிஞ்சும். மீட்க வருபவர்களுக்கும் மனிதத் தலையைவிடப் படகுதான் எளிதில் தெரியும். அங்கி இல்லாதவர்கள் கைகால்களை உதறாமல், முகம் வானத்தைப் பார்க்க மல்லாந்து மிதக்க வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னது நம் முன்னோர் வாக்கு. வார விடுமுறையில் மீன்பிடிக்கவும் தீவு பார்க்கவும் படகேறும் குடும்பங்களுக்கு, அந்த அணை ஓர் அங்கிதான். அதை அணிய ஒரு நிமிடம் போதும்.