ஒரே கட்டடம், நான்கு தடங்கள்

தோழர்களே, அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் அமைப்பு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கதவைத் திறந்துவிட்ட பிறகும் உள்ளே ஆளைப் பிரித்து உட்காரவைக்கும் வித்தையை அவர்கள் எழுதிவைத்தே செய்தார்கள். எழுத்தில் இருப்பதால் நம்மால் அதைப் படிக்க முடிகிறது.

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள். பாடங்களைத் தேர்ந்து, மதிப்பலகுகளைச் சேர்த்து மாணவர் தேறுகிறார். நிர்வாகம் பள்ளி மாவட்டம் எனும் உள்ளூர் அமைப்பிடம். பணத்தில் கணிசமான பங்கு அந்தப் பகுதியின் சொத்து வரி. வீட்டு விலை ஏறிய இடத்தில் பள்ளியும் ஏறி நிற்கும். இது அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்று 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு எனத் தீர்ப்பளித்தது.

ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் கறுப்பின மாணவர்க்கென வேர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. 1897இல் பள்ளி வாரியம் அதை மூடியது. சுமார் அறுபது பேர் படிக்கும் இடத்தில் முந்நூறு கறுப்பினக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தரலாம் என்பது வாரியத்தின் கணக்கு. வெள்ளையரின் உயர்நிலைக் கல்விக்குப் பணம் தொடர்ந்தது. ஏழையின் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு எதிராக நிறுத்தும் இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதாக இருக்காது. 1899இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வாரியத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹார்லன். மூன்றாண்டுகளுக்கு முன் பிளெஸ்ஸி வழக்கில் இனப்பிரிவினையைத் தனியொருவராக மறுத்த அதே ஹார்லன்!

அடுத்த கேள்வி, தொழிலாளியின் பிள்ளைக்குத் தனிக் கல்வியா என்பது. 1915இல் தொழிற்கல்வியைத் தனியே பிரிக்கச் சொன்ன டேவிட் ஸ்னெடனை ஜான் டூயி கடுமையாக எதிர்த்தார். அந்த ஆண்டுகளில்தான் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் டூயியின் மாணவர். ஆனால் 1917இல் தொழிற்பயிற்சிக்கு ஒன்றிய அரசு நிதி தரச் சட்டம் வந்தது. 1918இல் எல்லோரையும் ஒரே கட்டடத்தில் சேர்த்து உள்ளே வெவ்வேறு பாடத்திட்டம் வைக்கும் 'அனைத்துமடங்கிய உயர்நிலைப் பள்ளி' பரிந்துரைக்கப்பட்டது. கட்டடம் ஒன்று, போகும் வழி வேறு.

இந்த ஏற்பாட்டின் முழு உருவத்தைத் தலைநகர் வாஷிங்டனில் பார்க்கலாம். 1954இல் இனப்பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1956இல் அந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் நான்கு தடங்கள் வந்தன: சிறப்புத் தகுதியாளர், கல்லூரி செல்வோர், பொது, அடிப்படை. எந்தத் தடம் என்பதைத் தீர்மானித்ததில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெரும் பங்கு. 'சாதி இல்லை, தகுதிதான்' என்ற குரலை நாம் இங்கும் கேட்கிறோம் அல்லவா? அடிப்படைத் தடத்தில் குவிந்தவர்கள் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். அவர்களுக்கு எளிதாக்கிய பாடமும் கூலி வேலைக்கான ஆயத்தமும் கிடைத்தன.

ஜூலியஸ் ஹாப்சன் என்ற கறுப்பின உரிமைப் போராளி வழக்குத் தொடுத்தார். 1967இல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் தடமுறையை ஒழிக்க உத்தரவிட்டார். அந்தத் தேர்வுகள் வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகளை அளவுகோலாகக் கொண்டவை. அவை அளந்தது பிறவித் திறனை அல்ல, வளர்ந்த சூழலை என்பது அவரது முடிவு. கடைநிலைத் தடத்துக்கு ஒதுக்கப்பட்டவர்களை மறுபடி பரிசோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் தவறாக வகைப்படுத்தப்பட்டிருந்ததும் வெளிவந்தது. ஒவ்வொரு தவறும் ஒரு பிள்ளையின் சில ஆண்டுகள்.

அதற்குள் வெள்ளைக் குடும்பங்கள் பலவும் நகரங்களை விட்டுப் புறநகர்களுக்குப் போயிருந்தன. டெட்ராய்ட் நகரில், புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்தே மாணவர்களைக் கலக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 1974இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனப்பிரிவினைக்குப் புறநகர் மாவட்டங்கள் காரணம் என்று நிரூபிக்காதவரை எல்லையைத் தாண்ட முடியாதாம். மீண்டும் ஐந்துக்கு நான்கு. மறுத்த நால்வரில் ஒருவர், 1954 வழக்கில் வாதாடி வென்ற தர்குட் மார்ஷல்.