மனிதக் காலில் ஓடும் குதிரை

ஊர்வலத்தில் அது வரும்போது முதலில் கேட்பது குளம்புச் சத்தம்தான். தவிலும் பம்பையும் சற்றே தாழும் இடத்தில், தார்ச்சாலையில் டக் டக்கென்று மரம் மோதும் ஒலி. அதன் பிறகே கூட்டத்தின் தலைகளுக்கு மேல் ஜரிகை போட்ட குதிரை முகம் எழும்பும். முதுகில் தலைப்பாகை கட்டிய ராஜா. எதிரே இன்னொரு குதிரையில் ராணி. நகரி, புத்தூர், திருத்தணிப் பக்கத்துக் கோயில் விழாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பொய்க்கால் குதிரையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது எங்கிருந்து கிளம்பி இந்தத் தெருவுக்கு வந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் உடம்பு. மூங்கிலால் கட்டிய கூடு. அதன்மேல் துணியும் காகிதமும் ஒட்டி வண்ணம் தீட்டி, கண்ணாடித் துண்டும் ஜரிகையும் வைத்து அலங்கரிப்பார்கள். முதுகில் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு. ஆடுபவர் உள்ளே புகுந்து, தோளில் வாரை மாட்டிக் கூட்டை இடுப்பளவில் தாங்கிக்கொள்வார். அவருடைய கால்கள் தொங்கும் துணிக்குள் மறைந்துவிடும். அந்தக் கால்களுக்கு அடியில் ஏறக்குறைய ஒரு அடி உயரக் கட்டைகளை வரிந்து கட்டியிருப்பார். கட்டையில் ஏறியவரால் சும்மா நிற்க முடியாது. நின்றால் சாய்ந்துவிடுவார், ஓயாமல் காலை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். துடிப்பான குதிரையும் அப்படித்தான் நிலைகொள்ளாமல் நிற்கும். விழாமல் இருப்பதற்காக எடுத்துவைக்கும் அந்த அடிகளே தாளமாகி, ஆட்டமாகிவிடுகின்றன. எனக்கு இந்தக் கலையில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இதுதான்.

கூடு வடக்கேயிருந்து வந்தது என்பார்கள். ராஜஸ்தானின் சேகாவாட்டிப் பகுதியில் கச்சி கோடி என்ற ஆட்டம் இன்றும் கல்யாண ஊர்வலங்களில் உண்டு. இதே போல இடுப்பில் மாட்டிய குதிரை, கையில் வாள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் சிவாஜியின் தம்பி வெங்கோஜி தஞ்சாவூரைப் பிடித்தார். 1855 வரை அந்த வம்சம் அங்கே இருந்தது. மராட்டியரோடு வந்த குதிரையாட்டம் அரண்மனை நிழலில் வளர்ந்து, பிறகு நையாண்டி மேளத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஆனால் கச்சி கோடி ஆடுபவர் தன் பாதத்தால் தரையில் ஆடுகிறார். கட்டைக்கால் அங்கே இல்லை. அது இங்கே பழையது: சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை விவரிக்கும் பதினோரு ஆடல்களில் ஒன்று, கொற்றவை அசுரரை எதிர்த்து ஆடிய மரக்கால் ஆடல். கூடு வந்த விருந்தாளி, கால் இந்த மண்ணுடையது என்றே நான் நினைக்கிறேன். இரண்டும் தஞ்சையில் சந்தித்தபோதுதான் குதிரைக்குக் குளம்பு முளைத்தது.

மரத்திலும் துணியிலும் எதற்காகக் குதிரை செய்ய வேண்டும்? உயிருள்ள குதிரை தென்னாட்டில் என்றுமே அரிய பொருள். புகாருக்குக் கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். அரசனுக்கே தங்காத விலங்கு குடியானவனுக்கு எட்டுமா? அவன் அய்யனாருக்கு மண்ணில் குதிரை செய்து நிறுத்தினான். சிற்பிகள் கல்லில் செய்தார்கள். வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் மண்டபத்திலும், காஞ்சி வரதராஜர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்திலும் முன்கால் தூக்கி நிற்கும் குதிரைகளை நகரியிலிருந்து காலையில் கிளம்பிப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆட நினைத்தவன் தானே குதிரை ஆனான்.

ஐரோப்பா வேறு பாதையில் போனது. அங்கே குதிரைக்கே நடனம் சொல்லிக்கொடுத்தார்கள். வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி 1572-லேயே ஆவணங்களில் வருகிறது. 1735-இல் கட்டி முடித்த அதன் வெள்ளை மண்டபத்தில் லிப்பிசானர் குதிரைகள் இன்றும் இசைக்கேற்ப அடி வைக்கின்றன. ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் 1973-இல் தொடங்கிய ஆந்தலூசியக் குதிரைகளின் ஆட்டம் தனிப் பள்ளியாகவே வளர்ந்துவிட்டது. பாரிசை ஒட்டிய ஓபர்வில்லியேவில் பார்த்தபாஸ் என்ற கலைஞர் நடத்தும் ஸிங்காரோ குழு குதிரை, நடனம், நேரடி இசை மூன்றையும் ஒரே நாடகமாக்கியது. 1994-இல் அவர்கள் போட்ட 'ஷிமேர்' நாடகத்துக்கு இசை தந்தவர்கள் ராஜஸ்தானியர். கச்சி கோடியின் நாட்டுக்காரர்கள் பிரெஞ்சு வளையத்தில் நிஜக் குதிரைகளுக்கு வாசித்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. நம் பக்கத்திலும் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், ஆடி மாதக் குருநாதசுவாமி கோயில் சந்தையில், மேளத்துக்கு ஆடும் குதிரைகளைக் காணலாம்.

ஆனாலும் நம் கோயில்கள் தேர்ந்தெடுத்தது மனிதக் காலைத்தான். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய இராப்பத்தின் எட்டாம் நாள் மணல்வெளிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம்பெருமாள் தங்கக் குதிரையில் வருவார். சீர்பாதம் தாங்கிகள் அந்த வாகனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே ஓடுவார்கள், பின்னே வருவார்கள், சட்டென்று திரும்புவார்கள். இதற்கு வையாளி என்று பெயர். அத்தனை கனமான வாகனம் அசல் குதிரையாகப் பாய்கிறது. பிறகு திருமங்கை ஆழ்வார் வந்து வழிமறிக்கும் வேடுபறி. இசை, ஓட்டம், கதை, வேடம் எல்லாம் இருக்கும் அந்த இரவை நாடகம் என்று அழைக்க எனக்குத் தயக்கமே இல்லை. திருமலை பிரம்மோற்சவத்திலும் எட்டாம் நாள் காலை தேர், இரவு குதிரை வாகனம். கல்கியாக வரும் மலையப்ப சுவாமிக்கு முன்னால் மாடவீதியில் கோலாட்டமும் பஜனையும் பல மாநில ஆட்டக் குழுக்களும் போகும். அந்த வரிசைக்கு முன்னால் அலங்கரித்த யானையும் காளையும் நிஜக் குதிரையும் நடக்கும்.

நகரிக்காரர்களுக்கு இந்தக் குதிரை வாகனத்தோடு இன்னொரு உறவும் உண்டு. புத்தூரை அடுத்த நாராயணவனம் ஆகாசராஜனின் தலைநகர் என்பது தலபுராணம். வேட்டைக்குக் குதிரையில் வந்த ஸ்ரீநிவாசன் நந்தவனத்தில் பத்மாவதியைக் கண்டதும், தோழிகள் கல்லெறிந்ததில் அந்தக் குதிரை மாண்டதும் இந்த வட்டாரத்துக் கதைகள். மாண்ட குதிரைக்குப் பதிலாகத் தோள்கள் கிடைத்தன என்று நினைத்துக்கொள்வேன்.

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரி ஆந்திரத்தில் நின்றது. விசைத்தறிச் சத்தத்தோடு இரு மொழியும் பேசும் இந்த ஊர்களில் மேளக்காரர்களும் கூத்துக்காரர்களும் அந்த எல்லைக் கோட்டை மதித்ததில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்கள் இரு பக்கமும் ஒரே மாதிரி நடக்கின்றன. பொய்க்கால் குதிரையும் அதே சாலையில் போய் வருகிறது. தெலுங்கு ஊர்களில் அதைக் கீலுகுர்ரம் என்பார்கள்.

இன்று அந்தக் குதிரை கல்யாண வரவேற்புக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் போகிறது. போவது நல்லதுதான். ஆனால் பல இடங்களில் கட்டைக்கால் கழன்றுவிட்டது. கூட்டை மட்டும் மாட்டிக்கொண்டு வெறுங்காலில் சுற்றி வருகிறார்கள். கட்டையில் நடக்க நீண்ட பயிற்சி வேண்டும். முழங்காலும் இடுப்பும் தேயும். கூலி அதற்கேற்ப ஏறுவதில்லை. ஆடுபவர்மேல் இதில் குற்றமில்லை. அழைக்கிற நாம்தான் வித்தியாசம் கேட்பதில்லை. விழாக் கமிட்டியார் மேளம் பேசப் போகும்போது, கட்டைக்கால் கட்டி ஆடும் ஜோடி வேண்டும், அதற்குத் தனிக் கூலி தருகிறோம் என்று சொல்லட்டும். தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.