பாக்தாத்தில் நடந்த சமய உரையாடல்



பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. இதனைத் திரித்துவம் என்பர். இஸ்லாம் இதை ஏற்பதில்லை. இறைவன் ஒருவனே, அவனுக்குப் பிள்ளையும் இல்லை, இணையும் இல்லை என்பது திருக்குர்ஆனின் போதனை. ஈசா நபியைக் கன்னி மரியமின் மைந்தராகவும் இறைத்தூதராகவும் முஸ்லிம்கள் போற்றுகின்றனர், கடவுளாக வணங்குவதில்லை.

இத்தனை பெரிய வேறுபாட்டை முன்னோர் எவ்வாறு பேசிக்கொண்டனர் என்பதை இன்று பார்ப்போம்.

கி.பி. 781ஆம் ஆண்டளவில், பாக்தாத்தை ஆண்ட கலீபா அல் மஹ்தியும் கீழைத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயுவும் இரண்டு நாள் உரையாடினர். “கடவுள் ஒரு பெண்ணை மணந்து மகனைப் பெற்றார் என்று கற்றறிந்த நீர் சொல்லலாமா?” என்னும் கருத்தில் கலீபா கேட்டார். அப்படிச் சொல்வது தெய்வ நிந்தனை என்று திமொத்தேயுவும் மறுத்தார். முதற்கேள்வியிலேயே ஒரு தப்பெண்ணம் விலகியது. பின்னர், மூன்று எப்படி ஒன்றாகும் என்று கலீபா வினவினார். கதிரவனும் அதன் ஒளியும் வெப்பமும் சேர்ந்து ஒரே கதிரவன் அல்லவா என்று திமொத்தேயு விளக்கினார். கலீபா அதனை ஏற்கவில்லை. ஆயினும் பேச்சு பகையில் முடியவில்லை. இவற்றை நாம் அறிவது திமொத்தேயு சிரியாக் மொழியில் எழுதிய மடலால்தான். ஆகவே இது ஒரு தரப்பார் வைத்த குறிப்பு என்பதையும் மறக்கலாகாது.

அடுத்த நூற்றாண்டில் அபூ ஈசா அல் வர்ராக் என்னும் அறிஞர் திரித்துவத்தை மறுத்து ஒரு நூல் எழுதினார். எடுத்த எடுப்பிலேயே அவர் மறுக்கத் தொடங்கவில்லை. அக்காலக் கிறிஸ்தவர்களின் மூன்று பிரிவினரும் என்ன நம்புகின்றனர் என்பதை முதலில் விளக்கிவிட்டே தம் கேள்விகளைத் தொடுத்தார்.

அந்நூலுக்கு 10ஆம் நூற்றாண்டில் மறுமொழி எழுதியவர் யஹ்யா இப்னு அதீ. பாக்தாத்தில் ஏடுகளைப் படியெடுத்துப் பிழைத்த கிறிஸ்தவர் அவர். அல் வர்ராக்கின் சொற்களைப் பகுதி பகுதியாக எழுதி, அதனதன் கீழே தம் விடையை வைத்தார். காலப்போக்கில் அல் வர்ராக்கின் மூல ஏடு மறைந்துபோயிற்று. ஒரு முஸ்லிம் அறிஞரின் வாதம் இன்று நமக்குக் கிடைப்பது, அதை மறுத்த கிறிஸ்தவரின் நூலிலிருந்துதான்!

நேயர்களே, வேறுபாடு அன்றும் தீரவில்லை, இன்றும் தீரவில்லை. நம் பிள்ளைகள் பல சமயத்துப் பிள்ளைகளோடு படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள். அடுத்தவர் சமயத்தைப் பற்றி அவர்கள் கேட்டால், கேள்விப்பட்டதைச் சொல்லி அனுப்பாமல், அச்சமயத்தார் தாமே சொல்வதைக் கேட்டு வரச் சொல்லுவோம்.